நீரோசையும் தனியாவர்த்தனமும்

பாட்டுக்குப் பக்கத்திலிருந்து துணைசெய்யும் கருவி மிருதங்கம் என்பதே எம்மவரிற் பலர் கொண்டுள்ள கருத்து. அது பிழையன்று, ஆயின் முழுமையும் அன்று. கச்சேரியின் நடுவே பாடகர் வாய்மூடித் தாளத்தை மட்டும் கையிற் கொண்டிருக்க, மிருதங்க வித்துவான் தாமே தலைமை ஏற்கும் பகுதி ஒன்று உண்டு. தனியாவர்த்தனம் என்பது அதன் பெயர். கொழும்பு மாநகரில் அதற்கு வேறொரு பெயரும் வழங்குகின்றது. கோப்பி நேரம் என்பதே அப்பெயர்.

இதனை நாம் பகிடியாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளவத்தைப் பகுதியில் நடந்த கச்சேரியொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். பாடகர் தனிக்கு இடம்விட்டதும் சபையில் மூன்றிலொரு பங்கினர் எழுந்தனர். எஞ்சியோர் அயலவரோடு உரையாடத் தொடங்கினர். சற்று நேரத்தில் அமைப்பாளர் ஒருவர் மேடையின் ஓரமாகக் குனிந்து சென்று, துண்டுக் கடதாசி ஒன்றை மிருதங்கக்காரரின் முழங்காலருகே வைத்துவிட்டு வந்தார். ஐந்து நிமிடத்தில் முடிக்கவேண்டும் என்பதே அதிலிருந்த செய்தி எனப் பின்னர் அறிந்தோம். அவ்விளைஞரும் மறுபேச்சின்றி ஒரு மோராவையும் ஒரு கோர்வையையும் வாசித்து முடித்துக்கொண்டார். கைதட்டல் மட்டும் குறைவின்றிக் கிடைத்தது.

இச்சபையினர் யாவர்? தவிற்சமாவுக்காக இரவிரவாகக் கோயில் வீதி மணலில் அமர்ந்திருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களில் நாகசுரகாரர் குழலைக் கீழே வைத்தபின்னரும் தவில்கள் மட்டும் தமக்குள் வினாவும் விடையுமாகப் பேசிக்கொள்ள, விடிவெள்ளி தோன்றும்வரை எழுந்திராது கேட்டிருந்த கூட்டம் எமது கூட்டம். தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி 1933 இற் பிறந்து 1975 இல் மறைந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் நிரம்புமுன் முடிந்துபோன அவ்வாழ்வைப் பற்றி ஈழத்திலும் தமிழகத்திலும் இன்றளவும் பேசுகின்றார்கள். வாய்ப்பாட்டின் துணையின்றித் தோற்கருவி தானே நின்று பேசக்கூடும் என்பது எமக்குப் புதிதாகக் கற்பிக்கப்படவேண்டிய பாடமன்று. மறந்துபோன பாடம் என்று வேண்டுமானாற் சொல்லலாம்.

மறதிக்குக் கேட்போர் மட்டுமே காரணரல்லர். வாசிப்போரும் ஒரு பங்கு பொறுப்பேற்கவேண்டும். இன்று தலைநகரில் மிருதங்கம் பயிலும் சிறுவர் தொகை சிறிதன்று. அவர்களின் கைவேகம் வியக்கத்தக்கது, கணக்கும் பிழைப்பதில்லை. கண்டமும் மிச்சிரமும் சங்கீர்ணமும் விரல்நுனியில் நிற்கின்றன. ஆயினும் அரைமணி நேரத் தனியைக் கேட்டு வெளியே வந்தபின் எதனைக் கேட்டோம் என்று எம்மை நாமே வினாவினால், ஒரு பெருக்கல் வாய்பாட்டை உரத்த குரலில் ஒப்புவிக்கக் கேட்டோம் என்ற விடையே பலமுறை கிடைக்கின்றது. தரப் பரீட்சைக்கும் அரங்கேற்றத்துக்கும் வேண்டியது கணக்கே ஆதலாற் கணக்கே வளர்ந்தது. ஒலி வளரவில்லை. ஒரு ‘நம்’முக்கும் அடுத்த ‘நம்’முக்கும் உள்ள நயவேற்றுமையை எத்தனை மாணவர் செவிகொடுத்துக் கேட்கின்றார்கள்?

இவ்விடத்தில் மிகப் பழைய கதையொன்றை நினைவூட்டுதல் பொருந்தும். பரதமுனிவரின் நாட்டிய சாத்திரம் தோற்கருவிகளின் தோற்றத்தை ஒரு மழைநாளிலே தொடங்குகின்றது. சுவாதி என்னும் முனிவர் கார்காலத்தில் ஓதுதற்கு விடுமுறையான ஒருநாளில் நீர் முகந்துவரப் பொய்கைக்குச் செல்கின்றார். (தோற்கருவி பிறந்தது பாடசாலை விடுமுறையில் என்பதைக் கல்லூரி மாணவர் கவனிப்பாராக.) அவ்வேளை இந்திரன் உலகம் முழுவதையும் ஒரே கடலாக்க எண்ணினாற்போலப் பெருமழையை ஏவுகின்றான். காற்றினால் உந்தப்பட்ட மழைத்தாரை பொய்கையிலுள்ள தாமரை இலைகளின்மேல் விழுகின்றது. எழுந்த ஓசைகள் ஒரே தன்மையன அல்ல. உயர்ந்தும் இடைப்பட்டும் தாழ்ந்தும் வெவ்வேறாக ஒலித்தன. முனிவர் வியந்து நின்று அவற்றை உற்றுக் கேட்கின்றார். கேட்டதை மனத்திற் கொண்டு ஆசிரமம் மீண்டு, தெய்வத் தச்சனாகிய விசுவகர்மாவின் துணையோடு மிருதங்கத்தையும் பணவம், தர்துரம் முதலியவற்றையும் ஆக்குகின்றார். இக்கருவிகளுக்குப் பொதுப்பெயர் புட்கரம். புட்கரம் என்பது தாமரைக்கும் பெயர், பொய்கைக்கும் பெயர்.

கதை வரலாறாகாது என்று கூறுவோருடன் நாம் வழக்காட வரவில்லை. கதை எதனைச் சொல்கின்றது என்பதே எமது வினா. சுவாதி மழையைக் கண்டு அதன் ஓசையைப் போலச் செய்யவில்லை. ஓசைகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டைக் கேட்டார். அவ்வேறுபாட்டைத் தாங்கக்கூடிய கருவியைப் படைத்தார். முதலிற் செவி, பின்னர் கை என்பதே அங்குள்ள முறை. இன்றைய பயிற்சியில் இம்முறை தலைகீழாயிற்று என்பது எமது கட்சி.

அதே நூல் இன்னொரு செய்தியையும் கூறுகின்றது. புட்கரங்களின் முகங்களிற் சுருதி சேர்த்தற்காக மண் பூசினர். எம்மண்ணும் உதவாது. மணலும் புல்லும் உமியும் கலவாத, ஆற்றங்கரையிற் கிடைக்கும் கருமண்ணே உரியது என்பது விதி. ஆற்றுச் சேறு முகத்திற் படிந்தபின்னரே கருவி பேசத் தொடங்கியது. இன்றைய மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியிலே கச்சேரிக்குமுன் ரவையை நீரிற் பிசைந்து அப்புகின்றோமல்லவா? அந்த ஈரந்தான் ‘தொம்’ என்னும் ஆழ்ந்த நாதத்தைத் தருகின்றது. கச்சேரி முடிந்ததும் அதனைச் சுரண்டி எடுத்துவிடுவர். நாளை மறுபடியும் புதிதாகப் பிசையவேண்டும். கஞ்சிரா வாசிப்போர் உடும்புத்தோலின் உட்புறத்தில் நீர் தெளித்துத் தட்டித்தட்டிச் சுருதியை இறக்குவர். தோல் உலர்ந்தால் மீண்டும் தெளிப்பர். கடமோ நீர்க்குடமே. மானாமதுரையில் வனையப்படும் கடம் வீட்டுப் பானையினும் தடித்தது, பாரமானது என்பது மெய். ஆயினும் அதன் குலம் தண்ணீர்ப் பந்தற் குலம். அக்குடத்தை மடியில் வைத்து உலகெங்கும் எடுத்துச்சென்ற விக்கு விநாயக்ராம் 1991 இல் வெளிவந்த பிளானெட் டிரம் என்னும் இசைத்தட்டிற் பல நாட்டுத் தோற்கருவியாளரோடு சமமாக அமர்ந்து வாசித்தார். நீரின்றி அமையாதது உலகு மட்டுமன்று, எமது தாளவாத்தியமும் அவ்வாறே.

தமிழ்ப் புலவர்க்கு இவ்வுறவு நன்கு தெரியும். அகநானூற்றின் 82 ஆம் பாட்டிற் கபிலர் ஒரு மலைச்சாரலை ஆடரங்காக்குகின்றார். வண்டு துளைத்த மூங்கிலிற் காற்று நுழைவது குழலோசை, வண்டின் ஒலி யாழோசை, மயில் ஆடுமகள், மந்திகள் அவையோர். அங்கே முழவுக்குரிய இடத்தை அவர் அருவிக்குக் கொடுக்கின்றார். மலைபடுகடாம் கூத்தரின் இசைக்கருவிகளை எண்ணத் தொடங்கும்போதே மழைமுகிலின் முழக்கத்தை உவமையாக்கித் தொடங்குகின்றது. கம்பரின் மருத நிலத்திலும் முகிலே முழவு. இவற்றையெல்லாம் நாம் பாடசாலையில் மனனஞ் செய்தோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றோம். மேடையில் ஒரு மிருதங்கம் இருக்கும்போது மட்டும் இவை எமது நினைவுக்கு வருவதில்லை.

தாள இலக்கணமும் நீரை மறந்ததன்று. தாளத்தின் பத்துப் பிராணங்களுள் ஒன்று யதி. சொற்கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமையும் வடிவத்தை அது குறிக்கும். அதன் வகை ஆறு. அவற்றுள் ஒன்று சுரோதோவக யதி, அதாவது ஆற்றொழுக்கு. ஊற்றுக்கண்ணிற் சிறிதாகப் புறப்பட்டுப் போகப்போக அகலும் ஆற்றைப்போலச் சொற்கட்டும் சிறிதாகத் தொடங்கி வரவர விரியும். முதலில் ‘தோம்’, பின்னர் ‘தக தோம்’, அதன்பின் ‘தகதிமி தக தோம்’ என்றவாறு வளர்ந்து சமத்தில் வந்து இறங்கும். இதற்கு மறுதலை கோபுச்ச யதி. பசுவின் வாலைப்போல அகன்று தொடங்கிக் குறுகும். மாணவர் இவ்விரண்டையும் கணக்காக அறிவர். ஆற்றை நினைந்து ஆற்றொழுக்கை வாசித்தவர் எத்தனை பேர்? எண்களை நினைந்து வாசிக்குமிடத்து ஒவ்வோர் அடியும் ஒரே கனத்தோடு விழுகின்றது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் இறங்குவதை ஒருமுறையேனும் நின்று கேட்டவன் அவ்வாறு வாசியான்.

விஞ்ஞானத்தை நாடுவோர்க்கும் இங்கே விருந்து உண்டு. சொட்டும் நீர் ‘டிளக்’ என ஒலிப்பது ஏன்? துளி நீர்ப்பரப்பில் மோதுவதனால் என்றே நாம் எண்ணுவோம். 1933 இல் மின்னார்ட் என்னும் ஒல்லாந்த அறிஞர் ஓடும் நீரின் ஓசைக்கு நீருள் அகப்பட்ட காற்றுக் குமிழிகளின் அதிர்வே காரணம் என்று காட்டினார். ஒரு மில்லிமீற்றர் ஆரையுள்ள குமிழி செக்கனுக்கு ஏறக்குறைய 3,000 முறை அதிரும். ஆரை மும்மடங்கானால் அதிர்வு மூன்றிலொன்றாகும். 2018 இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் அதிவேகக் கமராவாலும் நீருள் வைத்த ஒலிவாங்கியாலும் ஆராய்ந்து, அக்குமிழியின் அதிர்வு நீர்ப்பரப்பையே அதிரச்செய்வதனாலேயே ஓசை எம் செவிக்கு எட்டுகின்றது என்று அறிவித்தனர். உள்ளே அடைபட்ட காற்று, மேலே அதிரும் ஒரு பரப்பு என்றால் அது மிருதங்கமன்றி வேறென்ன? சேர் சி. வி. இராமன் 1920 இலும் மீண்டும் 1934 இலும் எமது தோற்கருவிகளை ஆராய்ந்தார். வெறுந்தோல் தரும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையா. நடுவிலே கருஞ்சாந்து இட்டதனாலேதான் அவை இசைவொலிகளாக ஒழுங்குபடுகின்றன என்பது அவர் கண்ட முடிபு. வேறெங்கும் தோற்கருவி பெரும்பாலும் அதிரும். மிருதங்கமும் தபலாவும் பாடும். பாடக்கூடிய கருவியை எண்ணிக்கைக்கு மட்டும் பயன்படுத்துவது வீணையைக் கொண்டு தாளம் போடுவதையொக்கும்.

இனி எமது விண்ணப்பத்தைக் கூறுவோம். நீரோசையைப் பொருளாகக் கொண்ட தனி ஒன்று, பாட்டின் நடுவே ஒட்டுத்துண்டாக அன்றித் தானே ஓர் உருப்படியாக, அரைமணி நேரம் நிற்கத்தக்கதாக, மிருதங்கத்திலோ கடத்திலோ ஆக்கப்படவேண்டும் என்பதே அது. ஆக்குவோரும் எமது தலைநகர் இளைஞராகவே இருத்தல் வேண்டும்.

உடனே இரு பக்கத்திலிருந்தும் மறுப்பு எழும். லயம் தூய்மையானது, அதற்குப் பொருள் எதற்கு என்பர் ஒரு சாரார். இராகம் பாடுவோர் சொல்லின்றியே கருணையையும் வீரத்தையும் காட்டலாம் என ஒப்புக்கொள்ளும் அவர்கள் தாளத்துக்கு மட்டும் அவ்வுரிமையை மறுப்பது ஏனென்று எமக்கு விளங்கவில்லை. மற்றைச் சாராரின் மறுப்பு வலியது. இது விகடமாகிவிடும் என்பது அவர் அச்சம். புகைவண்டி ஓட்டமும் குதிரைப் பாய்ச்சலும் தோற்கருவியில் வாசித்துக் கைதட்டல் பெறுவதை நாமும் கண்டிருக்கின்றோம். அது சந்தைக்கடை வித்தையாக இழிந்துபோனதையும் கண்டிருக்கின்றோம். ஆயினும் 2024 இல் மறைந்த உஸ்தாத் சாகிர் உசேன் சிவபெருமானின் உடுக்கையையும் சங்கையும் தபலாவிலே எழுப்பியபோது சபை சிரிக்கவில்லை, மூச்சடங்கி இருந்தது. வித்தை இழிவதும் உயர்வதும் எடுத்த பொருளினால் அன்று, கேட்ட செவியின் ஆழத்தினால்.

மேனாட்டுக் கச்சேரி மேடையில் இம்முயற்சி நடந்தேறிவிட்டது. சீனத்திற் பிறந்த தான் டுன் என்னும் இசையாசிரியர் 1998 இல் நீரையே தோற்கருவியின் இடத்தில் வைத்து ஓர் உருப்படி இயற்றினார். அடுத்த ஆண்டு நியூயோர்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவினர் அதனை அரங்கேற்றினர். தனிவாத்தியகாரர் மேடைநடுவே நீர் நிறைந்த பெருங் கலங்களின்முன் நின்று கையால் அறைந்தும் அளைந்தும் ஊற்றியும், மிதக்கும் சுரைக்குடுக்கைகளைத் தட்டியும் வாசிக்கின்றார். மேற்கு ஆபிரிக்காவிற் கவிழ்த்து மிதக்கவிட்ட சுரைக்குடுக்கையைத் தட்டுவது பெண்களின் பழைய வழக்கம். பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டுத் தீவுப் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று நீரையே கொட்டி முழக்குகின்றார்கள். எம்மிடம் சலதரங்கம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனையாம்பட்டி கணேசனும் 2013 இற் காலமான சீதா துரைசாமியும் அதனை அருமையாகப் போற்றினர். ஆயினும் சலதரங்கத்தில் நீர் சுருதிசேர்க்கும் பணியாள் மட்டுமே, பேசுவது பீங்கான். கிண்ணத்தில் நீர் கூடக்கூட ஒலி தாழும். குழாயடியிற் குடம் நிரம்பும்போதோ ஒலி ஏறிக்கொண்டே போகும். உள்ளிருக்கும் காற்று குறைவதே காரணம். அவ்வேற்றத்தை அடுப்பங்கரையிலிருந்தே கேட்டு, குடம் நிரம்ப ஒரு நொடிக்கு முன்னர் எழுந்து வந்து குழாயைப் பூட்டும் எமது தாய்மாரின் செவியிலே எத்துணை நுண்மை!

நாம் நீரைக் கொண்டுவந்து மேடையில் ஊற்றச் சொல்லவில்லை. தான் டுன் செய்தது அவருக்கு அழகு. எமது மரபிலே தொப்பியின் கும்கி உண்டு. மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது நாதம் வழுக்கி ஏறும் அவ்வொலி நிரம்பும் குடத்தின் ஒலிக்கு நெருங்கிய உறவு. வலப்பக்கத்து மீட்டு ஒற்றைத் துளிக்கு அமையும். சாப்பு, கல்லில் வீழும் தாரைக்கு. பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962 இல் மறைந்தார். அவருடைய கும்கியைக் கேட்ட முதியோர் அதனைப் பற்றிப் பேசும்போது கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

கிருலப்பனையைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். எம்மிற் பலருக்கு வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் போல அதுவும் வாழிடமாயிற்று. 138 ஆம் இலக்க பஸ்கள் இரைந்தோடும் ஹைலெவல் வீதிக்கு அப்பால், கால்வாய் ஓரமாகத் தகரக் கூரைகளும் அடுக்குமாடிகளும் நெருங்கி நிற்கும் பகுதி அது. கிணற்றுத் துலாவின் முனகலும், பட்டை கவிழ்ந்து நீர் வாய்க்காலிற் பாயும் ஓசையும் கேட்டு வளர்ந்த வடபுலத்தார் நாம். அங்கே நீர் மனிதர் கேட்டால் வரும். கொழும்பிலோ நீர் தானே வரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் நகர் இது. யாழ்ப்பாணம் பெறுவது அதில் அரைப்பங்களவே. ஐப்பசி மாதத்து மாலைகளில் இடியோடு இறங்கும் மழையைக் கிருலப்பனையில் இருந்து கேட்டால், சுவாதி முனிவர் மூன்று இலைகளிற் கேட்டதை முப்பது பரப்புகளிற் கேட்கலாம். தகரத்தில் ஒரு விதம், ஓட்டில் ஒரு விதம்; வாழையிலையிலும் நிறுத்திவைத்த முச்சக்கரவண்டியின் மேற்சீலையிலும் பீலியின் கீழ் வைத்த வாளியிலும் வெவ்வேறு விதம்.

ஆனால் அம்மழையை இன்பமாக மட்டும் கேட்க அங்கே எல்லோராலும் முடியாது. 1992 ஜூன் 4 ஆம் நாளிற் கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை கொட்டியது. ஓராண்டு மழையில் ஐந்திலொரு பங்கு. தாழ்நிலமெங்கும் வீடுகள் நீரில் மூழ்கின. கிருலப்பனைக் கால்வாயின் நீர் வெள்ளவத்தை வழியாகவும் தெகிவளை வழியாகவும் கடலை அடையவேண்டியது. கடல்வாய் அடைபட்டாலோ கால்வாய் தூர்ந்தாலோ அது திரும்பிக் குடிசைக்குள் வரும். அதன்பின் கால்வாய்களைத் தூர்வாரிக் கரை கட்டினர். ஆயினும் 2010 நவம்பரிற் பாராளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. 2004 டிசம்பர் 26 இற் கடல் எழுந்து எமது கிழக்கிலும் வடகிழக்கிலும் செய்ததை எழுதிக்காட்டத் தேவையில்லை. ஆதலின், கூரையில் விழும் முதற்றுளியிலேயே நெஞ்சு திடுக்கிட்டு, பிள்ளைகளின் புத்தகங்களைக் கட்டிலின்மேல் ஏற்றும் தாய் ஒருத்தி வாழும் தெருவில் நீரோசை அழகு என்று நாம் பேசுவது தகுமா?

தகும் என்றே கருதுகின்றோம். அத்தாயின் அச்சமும் வாசிப்புக்குள் வருமாயின். நாட்டிய சாத்திரக் கதையை மீண்டும் நோக்குக. சுவாதி கேட்டது சாரல் மழையன்று. உலகத்தை ஒரே கடலாக்க வந்த மழை. அழிவின் நடுவிலே நின்றுகொண்டே அவர் இலையின் ஓசையைக் கேட்டார். ஆகவே நீரைப் பற்றிய தனி அருவியும் சாரலும் மட்டுமாக இனித்துக்கொண்டிருந்தால் அது பொய்யான தனி. ஆற்றொழுக்கு யதி விரிந்துகொண்டே போய், நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமல், கேட்போர் கையிலுள்ள தாளமே தப்பிவிடுமோ என்று அஞ்சும் இடம் ஒன்று அதில் வேண்டும். அதன்பின்னர் ஒலியில்லாத ஓர் ஆவர்த்தனம் வேண்டும். வெள்ளம் வடிந்தபின் சேற்றுத்தரையை நோக்கி நிற்கும் வீட்டாரின் மௌனம் அது. அதன்பின்னர் எங்கோ ஒரு பீலியிலிருந்து சொட்டும் ஒற்றைத் துளி. எமது பெரும்பறை மணவீட்டிலும் முழங்கியது, பிணவீட்டிலும் முழங்கியது. இரண்டையும் அறிந்த கருவிக் குலத்திற்கு இது இயலாததன்று.

சுவாதிக்குக் கதையிற் பெருமை கிடைத்தது. தோலை நீரில் ஊறவைத்து, வழித்து, வாரிட்டு இறுக்கும் கைகளுக்கு யாரும் கதை எழுதவில்லை. தஞ்சாவூர் செபஸ்தியான் மரபினர் முதலாக மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020 இல் ஒரு நூலே எழுதியபின்னர்தான் இரசிகர் பலருக்கு அவர்களிற் சிலரின் பெயராவது தெரியவந்தது. கொழும்பில் மிருதங்கத்துக்குத் தட்டு மாற்றும் தொழிலாளி யாவர் என்று அதனை வாசிக்கும் எமது பிள்ளைகளிடமே கேட்டுப்பாருங்கள்.

மட்டக்களப்பு வாவியிலே நிலவில் எழும் நீரிசையை விபுலாநந்த அடிகள் நீரர மகளிர் பாட்டாகக் கேட்டுக் கவி புனைந்தார். யாழின் கணக்குகளை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து 1947 இல் யாழ்நூல் அரங்கேற்றியவரும் அவரே. கணக்கும் செவியும் ஒருவரிடத்தே பகையின்றி இருந்தன. எமது மிருதங்க மாணவரிடம் நாம் இதனினும் மிகுதியாகக் கேட்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் இசைவிழாவுக்குப் பணம் திரட்டுகின்றன. கடல் கடந்து பாடகரை அழைக்கின்றன. அவ்விழாவில் ஒரு மாலையை மட்டும் இவ்வகைத் தனிக்கு ஒதுக்கலாம். தாளம் எதுவாயினும் ஆகுக. எமக்கு மிச்சிர சாப்பு விருப்பம், அதன் ஏழில் ஒரு சாய்வு இருப்பதனால். ஆக்குபவர் மூன்று மாதமாவது முன்னரே அறிவிக்கப்படவேண்டும். கார்காலம் அம்மூன்று மாதத்துள் வருதல் நன்று. துண்டுக் கடதாசி அனுப்பும் வழக்கத்துக்கு அன்றைக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். கோப்பி முதலிலேயே வழங்கப்படட்டும்.

ஒலிபெருக்கி வேண்டாம். பாலக்காடு மணி ஐயர் 1960 களில் ஒலிபெருக்கியில்லாத கச்சேரிக்கே வாசிப்பேன் என்று நின்றதை அன்று பலர் பிடிவாதம் என்றனர். இரைச்சலில் மீட்டும் கும்கியும் மடிந்துபோவதை அவர் செவி பொறுக்கவில்லை என்பதே உண்மை. இருநூறு பேர் அமரும் சிறு மண்டபம் போதும். ஐப்பசியில் வைத்தால் மாலையில் மழை வரக்கூடும்; வந்தால் யன்னல்களைச் சாத்தவேண்டாம் என்று மண்டபக் காவலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.